மீத்தேன் குறைந்த கழனி

பெட்டியை எப்படிப் பயிர்மேல் கவிழ்ப்பது, ஊசியால் அதற்குள் இருக்கும் காற்றை எப்படி இழுப்பது, இழுத்ததைக் குப்பியில் அடைத்து ஆய்வகத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதையெல்லாம் நீங்கள் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். தொப்பி போடச் சொல்வார்கள். சேற்றில் எந்தச் செருப்பும் உதவாது என்பதை நீங்களே தெரிந்துகொள்வீர்கள். அதற்கெல்லாம் நான் தேவையில்லை.

நான் ஓய்வு பெற்று, திருவொற்றியூரில் வீட்டோடு இருப்பவள். "புதுசா வந்திருக்கிற பசங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க மேடம்" என்று ஆய்வகத்திலிருந்து கேட்டபோது முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். வயல்வெளியில் வாயு அளப்பதில் சுவாரசியமாகச் சொல்ல என்ன இருக்கிறது? பிறகு ஒரு பருவம் நினைவுக்கு வந்தது. என் பணிக்காலத்திலேயே மிக நல்ல அளவுகள் வந்த பருவம் அது. அதனால்தான் அதை எழுதுகிறேன்.

மணலியைத் தாண்டி, சடையங்குப்பத்துப் பக்கம், ஆற்றோரமாக அப்போது கொஞ்சம் கழனி மிச்சமிருந்தது. ஒரு பக்கம் ஆலைகளின் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் கண்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கும் யார்டு. மழைக்காலத்தில் முதலில் மூழ்குகிற இடமும் அதுதான், கோடையில் முதலில் வெடிக்கிற இடமும் அதுதான். எண்ணூர் முகத்துவாரம் தொலைவில் இல்லை. ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடும்வரை கடல் தள்ளி நிற்கும். ஆறு வற்றினால் கடல் உள்ளே வரும்.

நாங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் நிற்கும் நெற்கழனியில் மண்ணுக்குள் காற்றுப் போகாது. காற்றில்லாத சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். அது பெரும்பாலும் நெல்லின் தண்டு வழியாகவே ஏறி வெளியே வரும். இடையிடையே தண்ணீர் விடாமல் கழனியைக் காயவிட்டால் மீத்தேன் குறையும். இது பல இடங்களில் அளந்து பார்த்த விஷயம். எங்கள் கேள்வி அதற்கு அடுத்தது. வெயில் கூடி, மழை முன்னே பின்னே போய், கடல் தண்ணீர் ஏறிவருகிற இந்தக் காலத்தில் அந்தக் கணக்கு அப்படியே நிற்குமா? நிலம் வெளியே விடும் வாயுவைப் பருவநிலை மாற்றம் என்ன செய்யும்?

அந்தக் கழனியைப் பார்த்துக்கொண்டவள் தேவகி. அவள் கணவர் கன்னியப்பன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுபவர். விடியலில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். உழவு, நாற்று, உரம், பம்பு எல்லாம் தேவகிதான். முதல் நாள் எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு அவள் புகைபோக்கிகளின் பக்கம் கையை நீட்டினாள்.

"அத்த வுட்டுட்டு என் நெல்லுக்கு டப்பா வெக்கிறியே மேடம், இது நியாயமா?"

"அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க தேவகி."

"கீறாங்கன்னா ஏன் இன்னும் பொக வந்துகினே கீது?"

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். பம்பு ஓடும் நேரம் மிச்சமாகும் என்று நான் சொன்னது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. கழனியை நடுவில் இரண்டாகப் பிரித்து வரப்பு கட்டிக் கொடுத்தாள். ஒன்றில் எப்போதும் தண்ணீர் நிற்கும். மற்றதைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுவோம். காயவிடும் பாதியில் துளையிட்ட ஒரு குழாயை மண்ணில் புதைத்து வைத்திருந்தோம். குழாய்க்குள் தண்ணீர் ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்கு இறங்கினால்தான் மறுபடி பாய்ச்ச வேண்டும். அது ஒப்பந்தம். விளைச்சல் குறைந்தால் ஆய்வகம் ஈடு கொடுக்கும், அதுவும் ஒப்பந்தம்.

எங்கள் பக்கம் அந்தக் கழனிக்குப் பொறுப்பாக இருந்தவள் நித்யா, ஆராய்ச்சி மாணவி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். அவள் வீட்டில் கல்லூரிப் பக்கம் போன முதல் ஆள். முனைவர் பட்டத்துக்கு அவளுக்கு வேண்டியிருந்தது இன்னும் ஒரே ஒரு பருவத்தின் அளவுகள். அதை வைத்து முடித்துவிட்டால் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அவள் அப்பாவுக்கு முட்டி போய்விட்டது, வேலைக்குப் போக முடியவில்லை என்பதை அவள் சொல்லி எனக்குத் தெரியாது. எங்கள் வண்டி ஓட்டிய யூசுப் பாய் சொல்லித்தான் தெரியும். நித்யாவும் தேவகியும் மதியம் ஒரே டப்பாவில் சாப்பிடுகிற அளவுக்குச் சிநேகம்.

அந்த வருஷம் சொர்ணவாரிப் பயிர், அதாவது கோடைப் போகம். சித்திரையில் நட்டது. கோடை மழை வரவேயில்லை. வெயில் எப்படி இருந்தது என்றால், காலையில் பெட்டியைத் தொட்டாலே கை சுட்டது. பெட்டிக்குள் பயிர் வெந்துவிடக் கூடாது என்று ஈரச் சாக்கைப் போர்த்தி அளந்தோம். ஆறு குட்டை குட்டையாக நின்றுபோனது.

ஆய்வகத்திலோ சந்தோஷம். வாரத்துக்கு வாரம் மீத்தேன் இறங்கிக்கொண்டே வந்தது. வரைபடத்தில் அந்தக் கோடு படிக்கட்டு இறங்குகிற மாதிரி இறங்கியது. நிதி கொடுப்பவர்களின் மதிப்பீட்டுக் குழு ஆனி மாதத்தில் வருவதாக இருந்தது. இயக்குநர் அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துத் தன் அறையில் மாட்டிவிட்டார். குழுவுக்கான ஏற்பாடுகளை என் தலையில் கட்டியதால் நான் கழனிக்குப் போவது குறைந்தது. நித்யா போய்வந்துகொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை தேவகி போன் செய்தாள்.

"மேடம், ஒரு தபா வந்து பாத்துட்டுப் போ. பயிரு சரியில்ல. நித்யா பொண்ணாண்ட சொன்னா, 'கொழாயில தண்ணி இன்னும் எறங்கல அக்கா, கொஞ்சம் பொறு'ன்னு சொல்லிகினே கீது. எனக்கு பேஜாராக்கீது."

நித்யாவையும் அழைத்துக்கொண்டு உடனே கிளம்பினேன். கழனியில் இறங்கிப் பார்த்தோம். காயவிட்ட பாதியில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்பின் ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இலைகளின் நுனி நெருப்பில் காட்டியது போல் கருகி இருந்தது. பயிர் பொதி கட்டியிருந்த நேரம், அதாவது கதிர் தண்டுக்குள் உருவாகி, வெளியே வரக் காத்திருக்கும் நேரம். அந்த நேரத்தில் உப்புத் தாக்கினால் கதிர் வரும், உள்ளே அரிசி இருக்காது. வெறும் பதர்தான்.

"தண்ணி வுடட்டுமா வேணாமா, இப்பவே சொல்லு மேடம்" என்றாள் தேவகி.

நித்யா குழாய்க்குள் குச்சியை விட்டுப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம்தான் மேடம் இறங்கணும். இப்போ விட்டா இந்தச் சுற்று கெட்டுப்போயிடும். மொத்தப் பருவமும் போயிடும்." அவள் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தையும் பார்க்கவில்லை, தேவகியின் முகத்தையும் பார்க்கவில்லை.

நான் உப்பு அளக்கும் கருவியை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் வைத்தேன். பிறகு எப்போதும் தண்ணீர் நிற்கும் பாதியில் வைத்தேன். கடைசியாக பம்பிலிருந்தே பிடித்து அதில் வைத்தேன். மூன்றுமே உப்பு. ஆறு வற்றியதும் கடல் நீர் மேலேறி, பம்பு இழுக்கும் போர்வெல் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. கீழிருந்து அது ஊறிக்கொண்டிருந்ததால்தான் மேல்மண் வெடித்தும் குழாயில் தண்ணீர் இறங்கவில்லை. அந்தப் பக்கத்தில் குடிப்பதற்கு எல்லா வீட்டிலும் கேன் தண்ணீர்தான். பம்புத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

"தேவகி, இந்தத் தண்ணிய வுட்டா பயிர் இன்னும் சீக்கிரம் போயிடும்" என்றேன்.

அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஈட்டுத்தொகையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். கையால் தடுத்துவிட்டாள்.

"காசு குடுப்பீங்கோ, தெரியும். காச வெச்சிகினு நான் இன்னா செய்ய? இது எங்க வூட்டுக்காரரு, அவங்க அண்ணன், தம்பி, மூணு பேரு கழனி மேடம். அவங்க ரெண்டு பேரும் யார்டுக்காரனுக்குக் குடுத்துடலாம்னு நிக்கிறாங்க. நான்தான் சண்ட போட்டு, இந்த ஒரு போகம் பாருங்க, வெளஞ்சா கழனி நிக்கட்டும், வெளயலன்னா நானே கையெழுத்து போடச் சொல்றேன்னு வாய வுட்டுட்டேன். நீ குடுக்கிற காசக் காட்டி வெளஞ்சிதுன்னு சொல்ல முடியுமா?"

இது எனக்கு அதுவரை தெரியாது. நித்யாவுக்கும் தெரியாது. அவள் குச்சியைக் குழாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

திரும்பும் வழியில், வண்டி மணலி சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. நித்யா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். காயவிடுற பாதியில மட்டும் மீத்தேன் குறையலை. தண்ணி நிக்கிற பாதியிலயும் குறைஞ்சிருக்கு. அங்க குறையக் கூடாதில்ல?"

"எப்போ பார்த்தே?"

"போன தடவை குப்பிங்களை மிஷின்ல ஓட்டும்போதே பார்த்தேன். மிஷின் தப்பா இருக்கும்னு மறுபடி ஓட்டினேன். அதேதான் வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லலை." ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பி, "சொன்னா எல்லாம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமேன்னு பயந்துட்டேன்" என்றாள்.

அவளை நான் திட்டவில்லை. வீட்டில் அத்தனை பேரும் ஒரு பருவத்தின் முடிவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்போது, கையில் கிடைத்த அழகான கோட்டைச் சந்தேகப்பட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். ஆனால் சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னதும் எல்லாம் விளங்கிவிட்டது. கடல் தண்ணீரில் இருக்கும் சல்பேட் மண்ணுக்குள் போனால், மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களின் இரையை வேறு நுண்ணுயிர்கள் பிடுங்கிக்கொள்ளும். அதனால் மீத்தேன் குறையும். பயிர் நலிந்தால் வாயு ஏறி வரும் தண்டும் நலியும். அதனாலும் குறையும். எங்கள் முறை வெற்றி பெற்றதால் கோடு இறங்கவில்லை. தேவகியின் பயிர் செத்துக்கொண்டிருந்ததால் இறங்கியது. இயக்குநர் அறையில் மாட்டியிருந்தது அந்தச் சாவின் படம்.

நேராக அவரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"குழு திங்கட்கிழமை வருது. பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் என்ன வேணுமோ செய்யுங்க. நான் தடுக்கலை."

"அதுவரைக்கும் தாங்காது சார். பொதியில இருக்கு."

"உங்களுக்குப் பென்ஷன் இருக்கு. எனக்கும் இருக்கு. ஒப்பந்தத்துல இருக்கிற பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க. இந்த நிதி நின்னா அவங்களுக்கு அடுத்த மாசம் சம்பளம் கிடையாது."

அவர் சொன்னது உண்மை. ஒரு பக்கம் தேவகி, இன்னொரு பக்கம் அந்தப் பிள்ளைகள். நடுவில் நித்யாவின் பட்டம். சரியான விடை ஒன்று எங்கேயோ எழுதி வைத்திருக்கிறது, நாம் கண்டுபிடித்தால் போதும் என்று அந்த நேரத்தில் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. நான் என்னையே கேட்டுக்கொண்டது இவ்வளவுதான்: இதில் எது காத்திருக்கும், எது காத்திருக்காது? குழுவிடம் பேசலாம். நிதிக்கு வேறு கதவு தட்டலாம். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகலாம். பொதியில் இருக்கும் கதிர் திங்கட்கிழமைக்காகக் காத்திருக்காது.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? யூசுப் பாயிடம் கேட்டேன். "தண்ணி லாரி ஓட்டுற தோஸ்து ஒருத்தன் கீறான் மேடம்" என்று போன் போட்டுக் கொடுத்தார். அந்த மனிதர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நெல்லுக்கா? தண்டையார்பேட்டையில ஜனம் கொடத்த வெச்சிகினு லைன்ல நிக்குது மேடம். அவங்க தண்ணியத் தூக்கிக் கழனியில ஊத்தச் சொல்றியா?"

அந்த வரிசையில் என் சொந்தக்காரர்களே நின்றுகொண்டிருந்தார்கள். குடிதண்ணீரைத் தொடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அப்படியானால் வேறென்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது நித்யா சொன்னாள், "மேடம், சுத்திகரிச்ச கழிவுநீர் ஃபாக்டரிங்களுக்குப் போகுதே. அதுல உப்பு கம்மியா இருந்தா?"

லாரிக்காரரிடம் ஒரு பாட்டிலில் பிடித்து வரச் சொன்னோம். நித்யாவே சோதித்தாள். உப்பு மிகக் குறைவு. கழனிக்குத் தாராளமாக விடலாம்.

இயக்குநருக்குப் போன் செய்தேன். "சார், நாளைக் காலையில லாரித் தண்ணி விடப்போறேன். அனுமதி கேட்கலை, தகவல் சொல்றேன்."

"நீங்க என்கிட்ட சொல்லலைன்னு வெச்சுக்கலாமா?" என்றார்.

"வேண்டாம் சார். சொன்னேன்னே வெச்சுக்குங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

மறுநாள் லாரி மண்பாதையில் ஆடி ஆடி வந்து நின்றது. தேவகி மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா தண்ணி இது?"

"கழிவுத் தண்ணியச் சுத்தம் பண்ணது அக்கா" என்றாள் நித்யா.

"கக்கூஸ் தண்ணியா? கலீஜா இருக்காது?"

"இப்ப இல்லக்கா. உங்க பம்பு தண்ணியவிட சோக்கா கீது, வேணா பாருங்க." நித்யா ஆய்வகத்தில் பேசாத வியாசர்பாடித் தமிழ் அன்றைக்குத் தன்னால் வந்துவிட்டது. தேவகி கையில் பிடித்து முகர்ந்து பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரி ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு கழனியில் இறங்கினாள்.

அப்போது நித்யா என்னிடம் வந்து, "மேடம், தண்ணி விடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை காத்து எடுத்துக்கிறேன். விட்டப்புறம் சாயங்காலம் வரைக்கும் விடாம எடுக்கிறேன்" என்றாள்.

"எதுக்கு? இந்தப் பருவம் உன் ஆராய்ச்சிக்கு ஆகாதே."

"தெரியும் மேடம். ஆனா இப்படி வெடிச்ச மண்ணுல தண்ணி பட்டா என்ன வெளிய வருதுன்னு யாரு பார்த்திருக்கா? போட்ட யூரியாவ பயிர் எடுத்துக்கவேயில்லை. அப்படியே மண்ணுலதான் இருக்கு."

தன் பட்டம் கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாள் அந்தப் பெண். அன்றைக்கு முழுக்க வெயிலில் நின்று அளந்தாள். அவள் நினைத்தது சரி. காயவிட்டிருந்த பாதியில் ஈரம் பட்டதும் நைட்ரஸ் ஆக்சைடு குபுகுபுவென்று கிளம்பியது. மீத்தேனைவிடப் பல மடங்கு சூடேற்றும் வாயு அது. ஒரு கையால் மிச்சம் பிடித்ததை நிலம் இன்னொரு கையால் செலவழித்துவிட்டது. நீண்ட வறட்சி, அதன் தலைமேல் திடீர் மழை என்று பருவம் மாறும் எல்லா இடத்திலும் நடக்கக்கூடியது இது. எங்களுக்கு அன்றைக்கு லாரி மழையாக வந்தது, அவ்வளவுதான்.

முதலில் விட்ட தண்ணீரை உப்போடு வடித்துவிட்டோம். மறுபடி விட்டோம். அந்த வாரம் முழுக்க லாரி வந்துபோனது.

திங்கட்கிழமை குழு வந்தது. இயக்குநர் தன் அறையிலிருந்து வரைபடத்தைக் கழற்றி அவரே கூட்ட அறைக்கு எடுத்துவந்தார். நான் பேசுவதாக இருந்தது. காலையில் நித்யா கேட்டாள், "நான் பேசட்டுமா மேடம்? என்னோட அளவுதானே." நான் ஒதுங்கிக்கொண்டேன்.

கோடு எப்படி இறங்கியது என்று காட்டினாள். எல்லாரும் தலையசைத்தார்கள். அதற்கு அடுத்து, தண்ணீர் நின்ற பாதியின் கோட்டைக் காட்டினாள். அதற்கடுத்து உப்பின் அளவு. குழுவில் இருந்த வயதான ஒருவர் கேட்டார், "அப்ப உங்க முறை தோத்துப்போச்சா அம்மா?"

"முறை தோற்கலை சார். நல்ல தண்ணி இருக்கிற இடத்துல, மறுபடி பாய்ச்ச முடியும்கிற இடத்துல, காயவிடலாம். கடல் ஏறி வர்ற இடத்துல, இந்த வெயில்ல காயவிட்டா உப்பு மேல வரும், பயிர் போயிடும். பயிர் போனா மீத்தேனும் போயிடும். கோட்டை மட்டும் பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. எனக்கே முதல்ல தெரியலை."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை. சொன்னாள். இயக்குநர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் அவளருகே போய், "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நிதி நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பெண்ணை அடுத்த பருவத்துக்கு எடுக்க முடியவில்லை. அவளுக்கு வேறு வேலை கிடைக்கும்வரை நான் அவளிடம் பேசத் தயங்கினேன். இயக்குநரின் பயம் வீண் பயம் இல்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையைச் சொல்வதற்கு யாராவது விலை கொடுக்கிறார்கள், பல நேரம் சொன்னவர் அல்லாத யாரோ கொடுக்கிறார்கள். அது தெரிந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. நித்யாவின் பட்டம் ஒரு வருஷத்துக்கும் மேல் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் அவள் மாலையில் டியூஷன் எடுத்து வீட்டை ஓட்டினாள். பட்டம் கடைசியில் உப்பேறிய நிலத்தின் வாயுக்களைப் பற்றியே வந்தது.

தேவகிக்குப் பாதி விளைச்சல்தான் கிடைத்தது. பங்காளிகள் அதை விளைச்சல் என்று ஏற்கவுமில்லை, இல்லை என்று தள்ளவுமில்லை. நீண்ட பேச்சுக்குப் பிறகு அவர்கள் தங்கள் இரண்டு பங்கையும் யார்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். தன் பங்கைக் கொடுக்க மாட்டேன் என்று கன்னியப்பன், அதிகம் பேசாத மனிதர், முதன்முறையாகச் சத்தம் போட்டுச் சொன்னாராம். அந்த ஒரு பங்கு கண்டெய்னர்களுக்கு நடுவே இருக்கிறது. கோடையில் அவள் நடுவதில்லை. மழை வந்து ஆறு ஓடினால்தான் நடுகிறாள்.

இந்த வேலையில் நம் எல்லாருடைய முயற்சியும் ஒரு எண்ணை இறக்குவதற்குத்தான். அது சரியான முயற்சி, விடாதீர்கள். ஆனால் எண் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கும் நாளில் ஆய்வகத்தில் உட்கார்ந்து கைதட்டாதீர்கள். வண்டியைக் கிளப்பிக் கழனிக்குப் போங்கள். யாருடைய கழனி, அந்த வீட்டில் இந்தப் பயிரை வைத்து என்ன பேச்சு நடக்கிறது என்று கேளுங்கள். நான் அதை ஆரம்பத்திலேயே கேட்கவில்லை. யாரும் கேட்கச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தப் பருவத்தைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நல்ல தண்ணீர் விட்டுக் கொஞ்ச நாள் ஆகியும் பயிர் பிழைத்ததா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இலையின் கருகல் பச்சையாகத் திரும்பாது. கதிர் வந்தால்தான் நிச்சயம். தேவகி தினமும் போய்ப் பார்ப்பாள், எங்களிடம் எதுவும் சொல்ல மாட்டாள். ஒரு நாள் காலை நித்யா மிஷின் அறையிலிருந்து ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"மேடம், ஏறிடுச்சு! மீத்தேன் ஏறிடுச்சு! ரெண்டு பாதியிலயும்!"

இருவரும் அந்த நிமிஷமே கிளம்பிவிட்டோம். வரப்பில் நின்றிருந்த தேவகி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், டப்பா இன்னா சொல்லுது?" என்றாள்.

"மீத்தேன் ஏறிடுச்சு தேவகி."

"அது கெட்டதுன்னு நீதானே சொன்ன?"

"கெட்டதுதான்."

"கெட்டதுக்கா இப்பிடிப் பல்லக் காட்டினு வந்து நிக்கிறீங்கோ ரெண்டு பேரும்?"

நித்யா அதற்குள் கழனியில் இறங்கிவிட்டாள். குனிந்து குனிந்து தேடினாள். "அக்கா, இங்க வாங்க! இங்க பாருங்க!" என்று கத்தினாள். பொதியைப் பிளந்துகொண்டு ஒரு கதிர் வெளியே எட்டிப் பார்த்திருந்தது.

தேவகி அதை முந்தின நாளே பார்த்துவிட்டாள் என்று பின்னால் கன்னியப்பன் சொல்லித் தெரிந்தது. ஆனாலும் எங்களுக்காகச் சேற்றில் இறங்கி வந்து, நித்யாவின் பக்கத்தில் முட்டியில் கைவைத்து, அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவள் போலக் குனிந்து பார்த்தாள்.